கத்த வேண்டாம், பந்தைப் போடவும்

மச்சான்,

இன்று காலை டிவி ஸ்டாண்டின் மேல் இருந்த அந்தப் பெரிய பந்து, யாரும் தொடாமலேயே உருண்டு, தரையில் இரண்டு குதி குதித்து, காபி குடித்துக்கொண்டிருந்த என் காலடியில் வந்து நின்றது. ஃபேன் காற்று என்கிறாள் உன் அக்கா. நான் ஒப்புக்கொள்ளவில்லை. மேலுலகத்திலிருந்து எனக்குச் சொல்லி அனுப்பக்கூடிய ஆள் நீ ஒருவன்தான். உனக்குத் தெரிந்த ஒரே தபாலும் பந்துதான். அதில் நீ பெயின்டால் எழுதிய ‘மாமா’ பாதி உதிர்ந்துவிட்டது. கொஞ்சம் காற்றும் இறங்கியிருக்கிறது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். வாய்க்கால் சேறும் பாசியும் கலந்த வாசனை இன்னும் போகவில்லை. உடனே பேனாவைத் தேடி எடுத்துவிட்டேன். கடலூர் முதுநகரில் முப்பது வருஷம் மைக் செட் வாடகைக்கு விட்டு, கல்யாணம், காதுகுத்து, தீமிதி என்று எட்டுத் திக்கையும் தூங்கவிடாமல் ஆண்ட ஒலிபெருக்கிச் சக்கரவர்த்தி, சத்தமே இல்லாமல் உனக்கு எழுதும் மடல் இது.

புவனகிரிக்கு மேற்கே உன் நிலத்தில் நீ கேட் போட்ட வருஷத்திலிருந்து தொடங்குகிறேன். ரோட்டோரம் கேட். கேட்டிலிருந்து வீட்டுக்கு வண்டிப்பாதை. அந்தப் பாதையின் நீளத்தை நான் யாரிடமும் குறைத்துச் சொன்னதில்லை. கேட்டில் இடுப்புக் குழந்தையோடு நுழைகிறவர்கள் வீடு வந்து சேர்வதற்குள் குழந்தைக்கு மீசை முளைத்துவிடும். கேட்டில் மழை பெய்யும்போது உன் வீட்டில் வெயில் காய்ந்திருக்கிறது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

கேட் போட்டதற்குக் காரணம் பக்கத்து ஊர் எருமை. அறுப்பு முடிந்து உளுந்து முளைத்ததும் ரோட்டிலிருந்து நேராக உள்ளே வந்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். நீ வைத்த கொக்கியைக் கொம்பால் தூக்கித் திறக்க அது இரண்டே நாளில் கற்றுக்கொண்டது. மனுஷனாகப் பிறந்திருந்தால் ஐடிஐயில் சீட் கிடைத்திருக்கும். வேறு வழியில்லாமல் பூட்டுப் போட்டாய். எருமை வெளியே நின்றது. அதோடு உன் சொந்தக்காரர்களும் வெளியே நின்றார்கள்.

போன் பண்ணலாமே என்று இதைப் படிக்கிற யாரும் சொல்வார்கள். உன் வீடு இருக்கும் பள்ளத்தில் டவர் கிடைக்காது. மொட்டை மாடித் தண்ணீர் டேங்கின் மேல் மட்டும் ஒரு கோடு தெரியும் என்பதால் உன் போனை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்து அங்கே குடியேற்றியிருந்தாய். போன் மேலே, நீ கீழே. உனக்கு வந்த அழைப்புகளுக்கெல்லாம் காக்கைகள்தான் பொறுப்பு.

அந்தக் கேட்டில்தான் உன் அக்கா ஒரு மத்தியானம் நின்றாள். துறைமுகத்தில் காலையில் வாங்கிய சங்கரா மீனைக் குழம்பு வைத்து, உங்கள் அம்மா வீட்டுப் பித்தளைத் தூக்கில் ஊற்றி, இரண்டு பஸ் மாறி, சிந்தாமல் சுமந்துகொண்டு வந்திருந்தாள். உன் பெண்டாட்டி, என் வாயில் எப்போதும் தங்கச்சி, அன்று சிதம்பரம் போயிருந்தாள். நீ தூரத்தில் தென்னங்கன்றுக்கு மண் அணைத்து அண்டை கட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. கூப்பிட்டாள். உன் பெயர் சொல்லி, தம்பி என்று சொல்லி, கடைசியில் சின்ன வயசில் திட்டும் பெயரெல்லாம் சொல்லிக் கூப்பிட்டாள். நீ ஒரு தடவை நிமிர்ந்தாய். ரோட்டுப் பக்கம் பார்த்த மாதிரி இருந்ததாம். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்துவிட்டாய். அவள் தூக்கைக் கேட் கம்பியில் மாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்க அப்பா இருந்த வரைக்கும் அந்த எடத்துல ஒரு முள்ளுப்படல்கூட கெடையாது. இவன் எருமைக்கா கேட்டு போட்டான்? எனக்குப் போட்டிருக்கான். இனிமே அங்க நின்னு நான் வாயத் தொறந்து கூப்புட மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியாததா. உங்கள் வம்சத்தில் பிடிவாதம் ரத்தத்தில் ஓடவில்லை. ரத்தம்தான் பிடிவாதத்தில் ஓடுகிறது. அடுத்த பொங்கலுக்கு நீ சீர் கொண்டுவந்தாய். கரும்பு, மஞ்சள் கொத்து, புது அரிசி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு உனக்குக் காபி கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நீ தலையைக் குனிந்தபடி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தெருமுனை வரைக்கும் உன்னோடு நடந்தேன். "குழம்ப பூனை கவுத்துடுச்சு மாமா. தூக்க மட்டும் தேச்சு வச்சிருக்கேன்" என்றாய்.

அவள் வாய் திறந்து கூப்பிட மாட்டாள். கூப்பிடாமல் நீ கேட்டைத் திறக்கப் போவதில்லை. அப்படியானால் கூப்பிடாமலே கூப்பிடுகிற ஒரு ஏற்பாடு வேண்டும். காசும் அதிகம் ஆகக் கூடாது, ஏனென்றால் செய்யப் போவது நான். இந்த மகத்தான பொறுப்பை இந்திரன் முதலான தேவர்கள் கைவிட்ட நிலையில் உன் மாமன் தோளில் சுமந்தான்.

முதலில் என் ஆயுதத்தோடுதான் இறங்கினேன். கேட்டில் ஒரு மைக், அங்கேயே கம்பத்தில் உன் வீட்டைப் பார்த்து ஒரு குழாய் ஸ்பீக்கர். சோதனைக்காக நானே நின்று, "மச்சான், மாமா வந்திருக்கிறேன், எங்கிருந்தாலும் வரவும்" என்று மூன்று தடவை அறிவித்தேன். கால் மணி நேரத்தில் பக்கத்து ஊரிலிருந்து முப்பது பேர் வந்துவிட்டார்கள். பந்தி எங்கே என்று விசாரித்தார்கள். ஒருவர் கையில் மொய்க் கவர் இருந்தது. எல்லோருக்கும் கடைசியாக மாட்டுக்கொட்டகையிலிருந்து நீ வந்து, "என்னா மாமா கூட்டம்? ஆரம்பிச்சிட்டியா?" என்றாய். என்ன நிதானம் என்று அன்று வியந்தேன்.

அடுத்தது கயிறு. தேக்கு மரங்களின் வழியாக வீடுவரை நைலான் கயிறு கட்டி, முனையில் கல் போட்ட பால் டப்பாக்களைத் தொங்கவிட்டோம். கேட்டில் இழுத்தால் வீட்டில் குலுங்க வேண்டும். ஆனால் உன் நிலத்திலிருக்கும் கரிச்சான் குருவிகளுக்கெல்லாம் உட்கார அதைவிடத் தோதான இடம் கிடைக்கவில்லை. ஒன்று வந்து உட்கார்ந்தால் விருந்தாளி, எழுந்து பறந்தால் இன்னொரு விருந்தாளி. ஒரே நாளில் நாலாயிரம் தடவை தங்கச்சி கேட்டுக்கு நடந்தாள். சாயங்காலம் அவளே அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்துவிட்டாள். "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், மைக் செட்டோட நிறுத்திக்கங்க" என்றாள்.

சத்தமே வேண்டாம், கொடி ஏற்றலாம் என்று சொன்னது நீதான். அது ஏன் உனக்குத் தோன்றியது என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. கேட்டில் நீள மூங்கில், அதில் உருளை, வந்தவர் கயிற்றை இழுத்தால் கொடி மேலே போகும். நல்ல யோசனைதான். ஆனால் நம் நாட்டில் கொடிக்கு நிறம் தேர்வு செய்வது முகூர்த்தம் பார்ப்பதைவிடக் கஷ்டம். சிவப்புத் துணி கட்டினோம். தோழர் என்று அழைத்து ஒருவர் சந்தாப் புத்தகம் கொண்டுவந்தார். மஞ்சள் கட்டினோம், ஊரில் நாலு பேர் உன்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். பச்சை கட்டினோம்; வேறு நாலு பேர் நிறுத்தினார்கள். கடைசியில் வம்பே வேண்டாம் என்று வெள்ளை வேட்டியைக் கிழித்துக் கட்டினோம். அன்று மத்தியானமே சாவு வீடு என்று நினைத்து மாலையோடு வந்த ஒருவர், வாசலில் உன்னைப் பார்த்ததும் மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் உன் கழுத்திலேயே போட்டுவிட்டுப் போனார். நீ அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் பார்த்ததில்லை. மாலையைக் கழற்றாமலே மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாய்.

பிறகு சிதம்பரம் கீழவீதியில் ஒரு கடையில் ஒயர் இல்லாத பெல் வாங்கினோம். அட்டைப் பெட்டியில் எழுதியிருந்த தூரத்தைக் கடைக்காரர் சாமி கும்பிடுவது மாதிரி படித்துக் காட்டினார். திறந்தவெளியில் சார் என்று ஒரு வார்த்தை சேர்த்தார். "நெல்லு வளராத வெளியாண்ணே?" என்றாய். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் அது வேலை செய்தது. கேட்டில் அமுக்கினால் வீட்டுக்குள் ஒரு கிளி பாடியது. நான் அமுக்குவேன், தங்கச்சி வருவாள். அமுக்குவேன், தங்கச்சி வருவாள். நீ வீட்டில் தனியாக இருந்த அன்று மட்டும் இருபது தடவை அமுக்கியும் யாரும் வரவில்லை. கேட் ஏறிக் குதித்ததில் என் வேட்டி இரண்டு பாகமாகப் பிரிந்தது. "பெல் சரியில்ல போலருக்கு மாமா" என்றாய். சுவிட்சைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சித்தெறும்புகள் குடும்பம் குடும்பமாகக் குடியேறியிருந்தன. பழியை எறும்பின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தோம். அந்த எறும்புகளிடம் நான் இன்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படியே மூன்று பொங்கல் போய்விட்டது. மூன்று தடவை சீர், மூன்று தடவை பேச்சில்லாத காபி. ஒவ்வொரு தோல்வியையும் உன் அக்காவிடம் வர்ணிப்பேன். மாலை விழுந்த கதைக்கு மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே சிரித்தாளா அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

தீர்வு எங்கிருந்து வந்தது? நுங்கிலிருந்து. கேட்டை ஒட்டியே, வெளியே நிற்பவருக்கும் கை எட்டும் தூரத்தில், உன் போர்வெல் மோட்டார் கொட்டகை. அங்கிருந்து தென்னைக்கும் கத்தரிக்கும் போகிற தண்ணீர், பாதையோரமாகவே வாய்க்காலில் ஓடி, பாதைக்குக் கீழே ஒரு சிமென்ட் குழாயில் புகுந்து, வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லைத் தொட்டுக்கொண்டு போகும். ஒரு நாள் நாம் இருவரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்து நுங்கு தின்று, கூடுகளை வாய்க்காலில் எறிந்துகொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் தங்கச்சி ஈரக் கையோடு, கையில் ஒரு நுங்குக் கூட்டோடு வந்து நின்றாள். "உள்ள இருக்கிறத நீங்க தின்னுட்டு எனக்குக் கூடு அனுப்புறீங்களா?"

நீ அந்தக் கூட்டையே பார்த்தாய். வாய்க்காலைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். உலகத்தில் பெரிய கண்டுபிடிப்புகள் நடந்தபோதெல்லாம் பக்கத்தில் ஒரு மாமா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான் என்று எழுதி வைக்க வேண்டும்.

கீழவீதிக் கடையில் பிளாஸ்டிக் பந்துகள் வாங்கினாய். கேட்டில் ஒரு கூடை, அதில் பந்துகள். வீட்டுப் பின்னால் கல்லுக்கு அருகே நான் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த பழைய வலைத்துண்டு. பலகையில் நீயே எழுதினாய்: ‘கத்த வேண்டாம். பந்தைப் போடவும். தண்ணீர் ஓடவில்லை என்றால் வீட்டில் ஆள் இல்லை.’ அடிக்கடி வருகிறவர்களுக்குத் தனிப் பந்து: ‘தபால்’, ‘கேஸ்’, ‘மாட்டு டாக்டர்’. எனக்கு மட்டும் கால்பந்து அளவில் ஒன்று. "உன் வாய்க்கு ஏத்தது மாமா" என்றாய். அது முதல் நாளே சிமென்ட் குழாய் வாயில் அடைத்துக்கொண்டு, தண்ணீர் கரை உடைந்து, அரைக்காணி உளுந்து ஜலக்கிரீடை செய்தது. அதற்கப்புறம் நான் வரும் நாளில் நீ மூங்கில் கழியோடு குழாயருகே காத்திருப்பாய். என் பந்து வந்ததும் குத்தித் தள்ளிவிடுவாய். பந்து வராமலே, வருவது உனக்குத் தெரிந்துவிட்ட ஒரு விருந்தாளிக்கு எதற்குப் பந்து என்று நாம் யோசித்ததே இல்லை.

கூடையின் அடியில் ஒரு சிவப்புப் பந்து கிடந்ததைப் பார்த்தேன். யாருடையது என்று விசாரித்தபோது உன் வழக்கமான பதிலைச் சொன்னாய்: "இருக்கட்டும் மாமா, பாக்கலாம்." திருப்பிப் பார்த்தேன். ‘அக்கா’ என்று எழுதியிருந்தது. ஒரு தடவைகூட நனையாத பந்து.

அதற்குப் பிறகு நான் செய்தது வஞ்சகம்தான், ஒத்துக்கொள்கிறேன். சிதம்பரம் கோயிலுக்கு என்று சொல்லி உன் அக்காவை ஆட்டோவில் ஏற்றினேன். ஆட்டோ உன் கேட்டில் நின்றபோது அவள் என்னைப் பார்த்த பார்வையில் பக்கத்துப் பனைமரம் கருகியது. இறங்கி நின்றாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் கூப்புட வேணாம்" என்றேன். "பலகையப் படி. பந்தத்தான் போடச் சொல்லியிருக்கான்."

"பந்து போட்டா கூப்புட்ட மாதிரி ஆவாதா?"

"அது எப்படி ஆவும்? அது வெளையாட்டு."

பலகையை இரண்டு தடவை படித்தாள். கூடைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தாள். தபால். கேஸ். மாட்டு டாக்டர். கடைசியில் அந்தச் சிவப்புப் பந்து கையில் வந்தது. ஒரு பக்கம் வெயிலில் வெளுத்திருந்தது. எத்தனை மாசமா இது இங்க கெடக்கு என்று என்னிடம் விசாரித்தாள். கூடை வைத்த நாளிலிருந்து என்றேன். முந்தானையால் அதைத் துடைத்து, குனிந்து, கோயில் குளத்தில் விளக்கு விடுகிற மாதிரி மெதுவாகத் தண்ணீரில் விட்டாள்.

ஆறு நிமிஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த ஆறு நிமிஷத்தில் நான் ஆறு யுகம் கிழவனானேன். அவள் கேட் கம்பியைப் பிடித்தபடி பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நீ வந்தாய். சட்டையில்லை, செருப்பில்லை, இடுப்பில் துண்டு, கையில் சொட்டுகிற பந்து. உன் வயசில் யாரும் அப்படி ஓடக் கூடாது. அந்த எருமைகூட ஒதுங்கி வழிவிட்டிருக்கும். பூட்டைத் திறக்கச் சாவி எடுத்துவர மறந்துவிட்டாய். கேட்டுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் அவள்.

"ஏன்க்கா, ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல" என்றாய், மூச்சு வாங்கிக்கொண்டு.

"குடுத்தேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி."

நீ கம்பியைப் பிடித்தாய். என்னைப் பார்க்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். "எனக்குக் காதுல விழலக்கா. ரொம்ப நாளாவே விழல. அப்பா மாதிரி ஆயிட்டேன்னு யாருகிட்ட சொல்லுவேன்?"

உங்கள் அப்பாவை ஊர் என்ன சொல்லிக் கூப்பிட்டது என்று உங்கள் இருவருக்கும்தான் தெரியும். உன் அக்கா கம்பி வழியாகக் கையை நீட்டி உன் காதைப் பிடித்தாள். திருகினாளா தடவினாளா என்பதைக் கடைசி வரைக்கும் அவள் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. நான் ஆட்டோக்காரரிடம் வானிலை பற்றி விரிவாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

பின்னாலேயே தங்கச்சி சாவியோடு வந்து சேர்ந்தாள். அவளிடமும் மறைத்துவைத்திருந்ததாக நீ நினைத்தாய். "டிவி சத்தம் வைக்கிறதுலயே தெரியாதா? அவராச் சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கும் எல்லாம் விளங்கியது, மச்சான். பெல் பாடியும் நீ வராதது. மைக்குக்குக் கடைசியாக வந்தது. கொடி என்ற யோசனை. ஊர் காதையெல்லாம் செவிடாக்கிய நான், என் பக்கத்திலேயே ஒரு காது மூடிக்கொண்டு வந்ததைக் கவனிக்கவில்லை. "இருக்கட்டும் மாமா, பாக்கலாம்" என்று நீ சொன்னதில் பாதி, நான் சொன்னது விழாமல் சொன்னது. உன் பொறுமையை நான் ஊர் முழுக்கப் புகழ்ந்திருக்கிறேனே.

உன் அக்கா அடுத்த வாரமே சிதம்பரத்தில் காது டாக்டரிடம் இழுத்துப்போய் மிஷின் வாங்கி மாட்டிவிட்டாள். அதையும் நீ ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை. நான் பேச ஆரம்பித்தால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய். அதனால் பந்து ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது. அந்தப் பித்தளைத் தூக்கு இங்கும் அங்குமாக எத்தனை தடவை போய் வந்திருக்கும்! மீன் போகும், கத்தரிக்காய் வரும். கருவாடு போகும், உளுந்து வரும். நாலு வருஷம், ஜாஸ்தி இல்லை. ஆனால் நாலு வருஷமும் அவள் பேசினாள், மூன்று வருஷப் பாக்கியையும் சேர்த்து.

போன வருஷம் அறுப்பு முடிந்த வாரம் நீ போனாய். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்து நாங்கள் வந்தபோது, உன் அக்கா பழக்கத்தில் சிவப்புப் பந்தை எடுத்துத் தண்ணீரில் விட்டுவிட்டாள். விட்ட பிறகுதான் நினைவு வந்தது. அப்படியே கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். வெகுநேரம் கழித்துத் தங்கச்சி பந்தோடும் சாவியோடும் வந்தாள். "அவரு ஓடி வருவாரு. எனக்கு முட்டி வலி, நடந்துதான் வருவேன். அதுக்காகப் பந்து போடறத நிறுத்திடாதீங்க" என்றாள். மூவரும் சிரித்துவிட்டோம். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தோம்.

இப்போது மாசத்தில் பத்து நாள் உன் அக்கா அங்கேதான் இருக்கிறாள், தங்கச்சிக்குத் துணையாக. நாளைக்கும் போகிறாள், பின்னாலேயே நானும் வருவேன். கேட் சாவி ஒன்று என்னிடமே கொடுத்துவிட்டார்கள். ஆகவே எனக்கு யாரையும் கூப்பிட வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் இந்தப் பந்துக்குச் சைக்கிள் பம்பில் காற்றடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். கண்டக்டர்கள் என்னைப் பழைய கால்பந்து வீரர் என்று நம்புகிறார்கள். தேசிய அணி என்று நானும் சொல்லியிருக்கிறேன். கேட்டைத் திறந்து, மறுபடி பூட்டி, பந்தை வாய்க்காலில் விடுகிறேன். கொட்டகையில் நீ சாய்த்துவைத்த மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு பந்துக்குப் பக்கத்திலேயே நடக்கிறேன். குழாய் வாயில் அது சிக்குகிறது. இப்போது நான்தான் குத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. வழி முழுக்க உன்னோடு பேசிக்கொண்டே வருகிறேன், கத்தாமல். வீட்டுப் பின்னால் வலையில் பந்து மோதுகிறது. துணி துவைத்துக்கொண்டிருக்கும் உன் அக்கா, பத்தடி தூரத்தில் கழியோடு நிற்கும் என்னைப் பார்க்காத மாதிரி, பந்தை எடுத்து எழுத்தைப் படித்துவிட்டு, உள்ளே குரல் கொடுக்கிறாள்:

"மாமா வந்திருக்காரு போல. யாராவது போயி கேட்டத் தொறங்க."